"நம்பிக்கைய விட்டுட்டார்"னு சொல்றோமே, சாவு கிட்ட வந்தவங்களுக்கு நிஜமா என்ன நடக்குது?

இரவுக்குருவி:
வணக்கம் மக்களே. இவ்ளோ நாள் சும்மா படிச்சிட்டு போறவன்தான், இழை தொடங்கறது இதான் முதல் தடவ. அப்பாவுக்கு கேன்சர், கல்லீரல் வரைக்கும் பரவிடுச்சு, இனிமே குணமாக்கற ட்ரீட்மென்ட் எதுவும் இல்லன்னு டாக்டர் எங்கள மட்டும் தனியா கூப்டு சொல்லிட்டார். அப்பாகிட்ட "இன்ஃபெக்‌ஷன் கொறஞ்சதும் அடுத்த கீமோ"ன்னு சொல்லி ஓட்டிட்டிருக்கோம். இப்ப கொஞ்ச நாளா அவர் சரியா பேசறதில்ல, சாப்பாட்ட தள்ளி வெக்கறார், எது கேட்டாலும் "எதுக்கு இதெல்லாம்"ங்கறார். அண்ணன் சொல்றான், அவர் நம்பிக்கைய விட்டுட்டார், உண்மைய வேற சொன்னோம்னா நாளைக்கே போயிடுவார்னு. எனக்கு பொய் சொல்லி சொல்லி வாய் கசக்குது. நம்பிக்கை போச்சுன்னா ஆள் சீக்கிரம் போயிடுவாங்கன்றது உண்மையா? சொல்றதா வேணாமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க, ஆறுதல் வேணாம், அது நெறையவே கெடச்சிடுச்சு.

தூங்காதவன்:
சொல்லாதீங்க சகோ. எங்கம்மாகிட்ட ஒரு டாக்டர் மூஞ்சிக்கு நேரா "இன்னும் சில மாசம்தான்"னு சொல்லிட்டு அடுத்த பேஷண்ட பாக்க போயிட்டார், உக்காரக்கூட இல்ல. அன்னிக்கு சாயங்காலம் சுவத்து பக்கம் திரும்பி படுத்தவங்கதான், அதுக்கப்பறம் ஒரு வார்த்தைக்கு ரெண்டு வார்த்தை பேசல. நாங்க வந்தா கண்ண மூடிப்பாங்க. கடைசி வரைக்கும் அப்டியே. உண்மை உண்மைன்னு சொல்றவங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கறதில்ல, நாமதான் பாத்துக்கறோம். நம்பிக்கை ஒண்ணுதான் அந்த நேரத்துல மனுஷனுக்கு மிச்சம், அதையும் புடுங்கணுமா?

வார்டு_ஏழு:
நான் பேலியேட்டிவ் வார்டுல (நோயோட வலி, கஷ்டத்த கொறைச்சு பாத்துக்கற எடம்) நர்ஸ், நைட் ட்யூட்டி அதிகம். தூங்காதவன் தம்பி, உங்கம்மாவுக்கு நடந்தத படிச்சு கோவம் வருது. ஆனா அங்க அவங்கள சாச்சது உண்மையா, இல்ல அத தூக்கி போட்டுட்டு அந்தாள் போன விதமான்னு யோசிச்சு பாருங்க. நின்னுகிட்டே சொன்ன செய்திக்கும், நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து "இதுக்கப்பறமும் நாங்க கூடத்தான் இருப்போம், வலிக்கு இது பண்ணுவோம், மூச்சு வாங்கினா அது பண்ணுவோம்"னு சேத்து சொல்ற செய்திக்கும் ஏகப்பட்ட வித்தியாசம்.

குருவி, உங்கப்பாவுக்கு தெரியாதுன்னு நெனைக்கறீங்களா? உடம்பு அவரோடது. பேண்ட் இடுப்புல நிக்கல, ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் முன்ன மாதிரி நிக்கறதில்ல, வர்றவங்க எல்லாம் வெளிய போய் குசுகுசுன்னு பேசிட்டு மூஞ்சிய கழுவிட்டு வர்றாங்க. இதெல்லாம் யாரும் பாக்காமயா இருப்பாங்க? என் அனுபவத்துல பாதி பேருக்கு மேல தெரிஞ்சே இருக்கும், யாராச்சும் அவங்களே வாய தொறக்கட்டும்னு காத்திருப்பாங்க. ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு ட்ரிப்ஸ் மாத்த போறப்பதான் கேப்பாங்க, "சிஸ்டர், இது கடைசி தானே?"ன்னு. பகல்ல சொந்தக்காரங்க முன்னாடி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

அடுத்தது. "எதுக்கு இதெல்லாம்"னு ஒருத்தர் சொன்னா உடனே மனசு விட்டுட்டார்னு முடிவு கட்டாதீங்க. மொதல்ல நான் கேக்கறது: வலி எவ்ளோ இருக்கு, ராத்திரி தூங்கறாரா, மலச்சிக்கல் இருக்கா (சிரிக்காதீங்க, நாலு நாள் வயிறு போகலன்னா எவ்ளோ பெரிய தைரியசாலியும் செத்தா போதும்னு சொல்வாங்க), மூச்சு வாங்குதா, வாய் புண்ணா இருக்கா. இதையெல்லாம் சரி பண்ணினப்பறமும் அதே பேச்சுன்னா அப்பதான் டிப்ரஷன் பத்தி யோசிக்கணும், அதுக்கும் மருந்து இருக்கு, சாகப்போறவருக்கு எதுக்கு டிப்ரஷன் மருந்துன்னு கேக்கறவங்கள நான் வார்டுலயே பாத்திருக்கேன்.

மருந்து இல்லாத ஒண்ணு இருக்கு, "நான் எல்லாருக்கும் பாரமாயிட்டேன்"ங்கற நெனப்பு. அத நீங்கதான் பாக்கணும்.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சம் நம்பர் பேசறேன், கோவிச்சுக்காதீங்க. நம்பிக்கை போனா ஆள் சீக்கிரம் போவாங்களான்னு நேரா ஒரு கேள்வி வந்திருக்கு. 2007ல தலை கழுத்து கேன்சர் இருந்த 1093 பேர வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, மனநிலை நல்லா இருந்தவங்க கூடுதலா வாழ்ந்தாங்களான்னு பாத்தாங்க. இல்ல, உயிரோட இருந்த காலத்துக்கும் அதுக்கும் தொடர்பே தெரியல. அதனால "அவர் தைரியத்த விட்டதாலதான் போயிட்டார்"னு யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம். நோய் கொல்லுது. பாதிக்கப்பட்டவர் மனச வெச்சு கொலை கேஸ் போடறது அநியாயம்.

அப்பறம் 2010ல வந்த ஒண்ணு, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல. பரவின நுரையீரல் கேன்சர் இருக்கற 151 பேர். பாதி பேருக்கு வழக்கமான ட்ரீட்மென்ட், மீதி பேருக்கு அதோட ஆரம்பத்துலேர்ந்தே பேலியேட்டிவ் கேரும். ரெண்டாவது கூட்டத்துல டிப்ரஷன் கம்மி, வாழ்ற தரம் ஒசத்தி, கடைசில அக்ரஸிவ் ட்ரீட்மென்ட் வாங்கினவங்களும் கம்மி. எல்லாரும் ஆச்சரியப்பட்டது எதுக்குன்னா, அவங்க கூடுதலாவும் வாழ்ந்தாங்க, மீடியன் (அதாவது பாதி பேர் அதுக்கு மேல இருந்தாங்க) 11.6 மாசம், மத்தவங்களுக்கு 8.9. ஆக "பேலியேட்டிவ்னு சொல்லிட்டா கைகழுவிட்டாங்கன்னு அர்த்தம்"ங்கற பேச்சு அடிபட்டுச்சு. ஆனா உலக சுகாதார அமைப்பு சொல்ற கணக்குப்படி இந்த கேர் தேவைப்படறவங்கள்ல சுமார் 14 சதவீதம் பேருக்குதான் அது கெடைக்குது, அது தனி சோகம்.

இன்னொண்ணு டாக்டர்ங்க பத்தி. 2000ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது: ஹாஸ்பிஸ்ல (கடைசி காலத்துல வெச்சு பாத்துக்கற எடம்) சேத்த 468 பேருக்கு எவ்ளோ நாள்னு அவங்க டாக்டர்கிட்டயே கேட்டாங்க. அஞ்சுல ஒண்ணுதான் ஏறக்குறைய சரி. 63 சதவீதம் கூடுதலா சொல்லிட்டாங்க. படிச்சவங்களே ஆசைக்கு ஏத்த மாதிரிதான் கணக்கு போடறாங்க, நம்மள சொல்லவா வேணும்.

நாலாம்ஸ்டேஜ்:
நான் இந்த இழைல பேசப்படற ஆள். அதாவது பேஷண்ட். நாலாவது ஸ்டேஜ், எனக்கு தெரியும், டாக்டர் சொன்னார், நானும் கேட்டேன்.

எல்லாரும் "அவருக்கு நம்பிக்கை இருக்கா"ன்னு பேசறீங்க, அந்த நம்பிக்கை யாருக்கு வேணும்னு யாரும் பேசல. எங்க வீட்ல எல்லாரோட நம்பிக்கையும் ஒரு மூட்டை, அத தூக்கிட்டு நிக்க வேண்டியது நான். ஒரு நாள் இறக்கி வெச்சா போதும், "என்னாச்சு, ஏன் டல்லா இருக்க, பாசிட்டிவா இரு"ன்னு நாலு பேர் வந்துடுவாங்க. ஸ்கேன் ரிசல்ட் வந்தா மொதல்ல நான் அவங்கள தேத்தணும். அழறதுக்குக்கூட பாத்ரூம்ல தண்ணிய தொறந்து விட்டுட்டு அழணும்.

எனக்கு நம்பிக்கையே போன நாள் எதுன்னு சொல்லட்டுமா? நோய் பேர சொன்ன நாள் இல்ல. கண்ணு பவர் மாறிடுச்சு, ஸ்டீராய்டு போடறதாலயோ என்னவோ, படிக்கறப்ப எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது. புது கண்ணாடி போடணும்னு அக்காகிட்ட சொன்னேன். "இப்ப எதுக்குடி"ன்னு ஆரம்பிச்சா, டக்குனு நிறுத்திட்டா. "சரி சரி போட்டுடலாம்"னா, ஆனா சொல்லிட்டா இல்ல. அவ கெட்டவ இல்ல, என்னை குளிப்பாட்டி விடறது அவதான். ஆனா அன்னிக்குதான் புரிஞ்சுது, மத்தவங்க மனசுல நான் ஏற்கனவே போயாச்சுன்னு. இதே அக்காதான் காலைல "அடுத்த வருஷம் எல்லாரும் டூர் போலாம்"னு சொன்னவ. டூர் நிச்சயம் போலாம், கண்ணாடி மட்டும் வேணாம்!

எனக்கு அடுத்த வருஷத்து டூர் வேணாம். இப்ப கைல இருக்கற புத்தகத்த முடிக்கணும், அதுக்கு கண்ணாடி வேணும். இதுவும் நம்பிக்கைதான், சைஸ் சின்னது.

குருவி, உங்கப்பா "எதுக்கு இதெல்லாம்"னா என்னன்னு நான் ஒருவேளை சொல்ல முடியும். நடக்காத கீமோவுக்காக தெனமும் ஒடம்ப தேத்து தேத்துன்னு நீங்க சொல்றீங்க. அந்த "இதெல்லாம்" அதுவா இருக்கலாம். வாழ்றத சொல்லலையோ என்னவோ, நாடகத்த சொல்றாரோ என்னவோ.

இரவுக்குருவி:
அக்கா, என்ன எழுதறதுன்னே தெரியல. படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அந்த கண்ணாடி போட்டீங்களா?

நாலாம்ஸ்டேஜ்:
போட்டாச்சு. ஃப்ரேம் கேவலமா இருக்கு, அக்கா செலக்‌ஷன்.

அரைகுறை:
சாவு நெருங்கறவங்க மனசுல வரும்னு சொல்வாங்களே, அந்த அஞ்சு ஸ்டேஜ் தானே இது? மறுப்பு, கோவம், பேரம், மனச்சோர்வு, அப்பறம் ஏத்துக்கறது. அப்பா நாலாவதுல இருக்கார் போல, கொஞ்ச நாள்ல அஞ்சாவது வந்துடும், அதுவரைக்கும் வெயிட் பண்ணுங்க ப்ரோ.

கணக்குப்பிள்ளை:
அரைகுறை, பேருக்கு ஏத்த மாதிரியே பேசறீங்களே. அத எழுதின மனநல டாக்டர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969ல சாகப்போற நோயாளிங்ககிட்ட நேரா உக்காந்து பேசி எழுதினாங்க, அந்த காலத்துல அவங்ககிட்ட யாருமே பேசாத நெலம, பெரிய வேலைதான் அது. ஆனா பஸ் ஸ்டாப் மாதிரி ஒண்ணு முடிஞ்சா அடுத்ததுன்னு வரிசையா வராது, எல்லாருக்கும் எல்லாமும் வராது. அதே புத்தகத்துல நம்பிக்கைக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு, எந்த கட்டத்துல இருந்தாலும் அது ஏதோ ஒரு ரூபத்துல கூடவே இருக்குன்னு சொல்றாங்க. அஞ்ச மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு அத விட்டுட்டோம்.

அரைகுறை:
சரிண்ணே, திட்டாதீங்க. எனக்கும் நெஜமான கேள்வி ஒண்ணு இருக்கு, அதான் இங்க வந்தேன். என் பெரியப்பாவுக்கு நுரையீரல் பிரச்சனை, கேன்சர் இல்ல, ஆனா கடைசி கட்டம்தான். நேத்து என் கைய புடிச்சிட்டு "ஏதாவது ஊசி போட்டு முடிச்சு விடுங்கடா"ன்னார். இன்னிக்கு காலைல போனா மேட்ச் ஸ்கோர் கேக்கறார், நல்லா சிரிச்சிட்டிருக்கார். எது நெஜம்?

வார்டு_ஏழு:
ரெண்டும் நெஜம். இத அளந்தே பாத்திருக்காங்க. கனடாவுல சோசினோவ்னு ஒரு மனநல டாக்டர், 1999ல அவரும் கூட இருந்தவங்களும் கடைசி கட்ட கேன்சர்ல இருந்த 168 பேர்கிட்ட தெனம் ரெண்டு வேளை, வாழணும்ங்கற ஆசை எவ்ளோ இருக்குன்னு குறிக்கச் சொன்னாங்க. ஒரே நாளுக்குள்ளயே நல்லா ஏறி எறங்குது. பதட்டம், டிப்ரஷன், மூச்சுத்திணறல், இதுங்கதான் ஆட்டி வெக்குது, சாவு நெருங்க நெருங்க மூச்சுத்திணறல் முன்னாடி வந்துடுது. உங்க பெரியப்பாவுக்கு நுரையீரல்ங்கறீங்க. நேத்து அத சொன்னப்ப மூச்சு எப்டி இருந்துச்சுன்னு யோசிச்சு பாருங்க. மூச்சு கெடைக்காதவன் கேக்கறது சாவ இல்ல, அந்த நிமிஷத்துலேர்ந்து வெளிய வர வழிய.

டாக்டர்கிட்ட சொல்லுங்க, மூச்சுத்திணறலுக்கு கம்மி டோஸ்ல மார்ஃபின் குடுப்பாங்க, முகத்துக்கு நேரா சின்ன ஃபேன் வெச்சாலே சிலருக்கு அடங்கும். மார்ஃபின்னதும் பயப்படாதீங்க, தெரிஞ்சவங்க கணக்கா குடுத்தா அது ஆள கொல்றது இல்ல. அவர் திரும்ப "முடிச்சு விடு"ன்னா "சீ, அப்டி பேசாதீங்க"ன்னு வாய அடைக்காம, "இப்ப எது ரொம்ப கஷ்டமா இருக்கு?"ன்னு கேளுங்க. பதில் வரும். அதே பேச்சு நாள் கணக்கா, மூச்சு நல்லா இருக்கறப்பவும் வந்துச்சுன்னா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட அதையும் அப்டியே சொல்லிடுங்க.

தூங்காதவன்:
எல்லாம் சரி. ஆனா நீங்க எல்லாரும் ஒரு பக்கமாவே பேசறீங்கன்னு தோணுது. தெரிஞ்சுக்க வேணாம்னு நெனைக்கற மனுஷங்களும் இருக்காங்க. எங்கம்மா ஒரு தடவகூட ரிப்போர்ட்ட கைல வாங்கினதில்ல, "நீயே பாத்துக்கோடா"ம்பாங்க. அது அவங்க சொன்ன பதில்தானே? அத யாரும் கேக்கல. சொல்றது சரியா சொல்லாதது சரியான்னு நாம வெளிய நின்னு சண்டை போடறோம், உள்ள படுத்திருக்கறவங்ககிட்ட "உங்களுக்கு தெரியணுமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?

வார்டு_ஏழு:
தம்பி, இந்த இழைலயே சரியான வரி இதுதான். நாங்க பயிற்சில கத்துக்கறதே அதான், சொல்றதுக்கு முன்னாடி கேளு. "உங்க ஒடம்பு பத்தி நீங்க என்ன நெனைக்கறீங்க?"ன்னு ஆரம்பி. அப்பறம் "எல்லா விவரமும் உங்களுக்கு சொல்லணுமா, இல்ல வீட்ல யார்கிட்டயாவது பேசினா போதுமா?" அவர் வேணாம்னா விட்டுடணும், ஆனா கதவ சாத்தக்கூடாது, "எப்ப தோணினாலும் கேளுங்க"ன்னு சொல்லி வெக்கணும்.

அதோட மனசு ஒரே இடத்துல நிக்காது. காலைல நகையெல்லாம் யாருக்குன்னு பிரிச்சு சொன்ன அம்மா, சாயங்காலம் "முடி வளந்ததும் போட்டோ எடுக்கணும்"பாங்க. தெரிஞ்சும் தெரியாத மாதிரி. அத திருத்த வேண்டிய அவசியமே இல்ல. முடி வளந்ததும் எப்டி எடுக்கலாம்னு பேசுங்க, நகைய பத்தி பேசினா அதையும் உக்காந்து கேளுங்க. குடும்பத்துல நெறைய பேர் முதல் பேச்சுக்கு ஓடிப்போயிடறாங்க, ரெண்டாவதுக்கு மட்டும் வந்து நிக்கறாங்க.

கணக்குப்பிள்ளை:
இதுல நான் கொஞ்சம் மாறுபடறேன். கீமோ வேணுமா வேணாமான்னு முடிவெடுக்கணும்னா தெரியாம எப்டி எடுக்க முடியும்? 2012ல ஒரு ஆய்வு, பரவின கேன்சருக்கு கீமோ எடுத்துக்கிட்ட 1193 பேர்கிட்ட கேட்டாங்க. நுரையீரல் கேன்சர்ல 69 சதவீதம், குடல் கேன்சர்ல 81 சதவீதம் பேர், இது குணமாக்க வாய்ப்பே இல்லன்னு புரிஞ்சுக்காமயே எடுத்துட்டிருந்தாங்க. அதுல பலரோட கடைசி மாசங்கள் அதுலயே போயிருக்கும். தெரிஞ்சுக்க வேணாம்ங்கறது உரிமைதான், ஆனா அதுக்கு ஒரு வெல உண்டு.

நாலாம்ஸ்டேஜ்:
கணக்கு அண்ணா, அந்த 81 சதவீதத்துல நான் இருந்திருப்பேன். டாக்டர் சொல்லலன்னு இல்ல. சொன்னார். காதுல விழுந்துச்சு. ஒப்பந்தம் மாதிரி ஒண்ணு நமக்குள்ளயே ஓடும், "புள்ளிவிவரம் மத்தவங்களுக்கு, எனக்கு இல்ல"ன்னு. எல்லா தடவையும் அது பொய்யின்னும் சொல்ல முடியாது. ஸ்டீஃபன் ஜே கூல்டுன்னு ஒரு உயிரியல் விஞ்ஞானி, 1982ல அவருக்கு வயித்துல மீசோதீலியோமா, உள்ளுறுப்புகள சுத்தியிருக்கற சவ்வுல வர்ற கேன்சர். மீடியன் எட்டு மாசம்னு படிச்சார். பாதி பேர் எட்டு மாசத்துக்குள்ளன்னா மீதி பாதி அதுக்கு மேலதானே, அந்த பாதில சிலர் ரொம்ப தூரம் போவாங்களேன்னு கணக்கு போட்டார். இருவது வருஷம் இருந்தார், 2002ல வேற ஒரு கேன்சர்ல போனார். நான் அவர் மாதிரி ஆவேன்னு சொல்லல, என் ரிப்போர்ட் எனக்கு தெரியும். ஆனா பொய் சொல்லாமயே நம்பிக்கைக்கு எடம் இருக்குன்னு அவர படிச்சப்பதான் தோணுச்சு. எனக்கு ஒரு தேதி சொல்லாதீங்க, ஒரு வீச்சு சொல்லுங்க: நல்லபடியா போனா இவ்ளோ, மோசமா போனா இவ்ளோ, பெரும்பாலும் இவ்ளோ. என் டாக்டர் அப்டிதான் சொன்னார். அன்னிக்கு நல்லா தூங்கினேன்.

இரவுக்குருவி:
ஒரு அப்டேட். வார்டு அக்கா சொன்னத வெச்சு டாக்டர்கிட்ட வலிய பத்தி பேசினோம், மருந்த மாத்தினாங்க, மலச்சிக்கலுக்கும் குடுத்தாங்க. ராத்திரி தூங்கறார். சாப்பாடு இன்னும் அதேதான், ரெண்டு வாய்க்கு மேல இல்ல.

நேத்து ராத்திரி நானும் அவரும் மட்டும் இருந்தோம். "உங்க ஒடம்பு பத்தி நீங்க என்னப்பா நெனைக்கறீங்க"ன்னு கேட்டுட்டேன், கை நடுங்கிடுச்சு. கொஞ்ச நேரம் ஃபேனையே பாத்துட்டிருந்தார். அப்பறம், "எனக்கு தெரியும்டா. உங்கண்ணன்கிட்ட சொல்லிடாத, அவன் தாங்க மாட்டான்"னார்.

இவர் அவனுக்காக மறைக்கறார், அவன் இவருக்காக மறைக்கறான், நான் நடுவுல. பேங்க் லாக்கர் விஷயம், அம்மாவுக்கு பென்ஷன் எப்டி வரும், எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்காராம், தலகாணி கவருக்குள்ள. எடுத்து காமிச்சார். கையெழுத்து போகப்போக கோணலாகுது.

தூங்காதவன்:
😔

வார்டு_ஏழு:
குருவி, அந்த நோட்ட சாதாரணமா நெனைக்காதீங்க. நம்பிக்கைய விட்டவர் தலகாணிக்குள்ள பென்ஷன் விவரம் எழுதி வெக்க மாட்டார்.

சாப்பாட்ட பத்தி: கட்டாயப்படுத்தாதீங்க. அவர் மனசு விட்டதால சாப்பிடாம இல்ல, ஒடம்பு மூடிட்டு வர்றப்ப பசி போயிடும், செரிக்கவும் செரிக்காது, திணிச்சா வாந்தியும் வயிறு உப்பறதும்தான் மிச்சம். புடிச்சத கொஞ்சமா, அவர் கேக்கறப்ப. உதடு காயாம பாத்துக்கங்க. சாப்பிடலன்னா பாசம் இல்லன்னு எடுத்துக்கற வீட்லதான் கடைசி நாள் பூரா ஸ்பூன் சண்டையா போகுது.

அண்ணன் விஷயத்துல அப்பா சொன்னத மீறி நீங்களா போய் ஒடைக்காதீங்க. அடுத்த தடவ டாக்டர பாக்கறப்ப மூணு பேரும் ஒண்ணா உக்காருங்க, டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, அப்பாகிட்டயும் கேட்டுக்கங்க அவன் இருக்கறப்ப பேசலாமான்னு. எங்க வார்டுல நெறைய பேர் சேந்தாப்ல கேக்கறப்பதான் மொத தடவையா ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க.

நாலாம்ஸ்டேஜ்:
அதோட நோட்டுல பென்ஷன் மட்டும் எழுத விடாதீங்க. ஃபோன்ல ரெக்கார்டர போட்டுட்டு அவர பேச விடுங்க. எந்த வேலைய நெனைச்சா பெருமை, புள்ளைங்களுக்கு என்ன தெரியணும், யார்கிட்ட என்ன சொல்லாம விட்டோம். வார்டு அக்கா சொன்ன அதே சோசினோவ் இத ஒரு சிகிச்சையாவே ஆக்கி வெச்சிருக்கார், பேசினத எழுதி தொகுத்து நோயாளி கைல குடுப்பாங்க, அவங்க யாருக்கு வேணுமோ குடுத்துக்கலாம். 2005ல 100 பேர்கிட்ட பண்ணி பாத்தாங்க, பெரும்பாலானவங்க திருப்தின்னாங்க. நானும் ஆரம்பிச்சிருக்கேன். பாதி அக்காவ திட்டறதாவே இருக்கு, அவளே கேட்டுட்டு சிரிக்கறா.

இரவுக்குருவி:
வெள்ளிக்கிழம அப்பாயின்ட்மென்ட். அண்ணனையும் வரச்சொல்லிருக்கேன், காரணம் சொல்லல. அப்பாகிட்ட கேட்டதுக்கு "வரட்டும், ஆனா அவன் அழுதா நீதான் பாத்துக்கணும்"னார். கேள்வியெல்லாம் எழுதிட்டிருக்கேன், இந்த இழைலேர்ந்துதான் பாதி.

தூங்காதவன்:
டாக்டர மொதல்ல உக்காரச் சொல்லுங்க. அத முதல் கேள்விக்கு மேல எழுதி வெச்சுக்கங்க.